கேலக்டோசீமியா: குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாதபோது

பாலிலுள்ள லாக்டோஸ் குடலில் குளுக்கோஸ், கேலக்டோஸ் என உடையும். கேலக்டோஸைக் கையாளும் ‘கால்ட்’ நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால் (இதுதான் கேலக்டோசீமியா), பிறந்த சில நாளிலேயே வாந்தி, குறையாத மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று என்று தொடங்கும். பிறகு கண்புரை.

சர்க்கரை பார்க்கும் பட்டையைச் சிறுநீரில் நனைத்து ‘ஒன்றுமில்லை’ என்று விடாதீர்கள். அது குளுக்கோஸை மட்டுமே காட்டும். ரத்தத்தில் நொதியைத்தான் அளக்க வேண்டும், அதுவும் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே. ஏற்றிய சிவப்பணுக்களில் நொதி இருப்பதால் முடிவு ஏமாற்றிவிடும்.

சந்தேகம் வந்ததுமே, முடிவுக்குக் காத்திராமல், மருத்துவர் தாய்ப்பாலை நிறுத்திப் பெரும்பாலும் சோயா பால்மாவுக்கு மாற்றுவார். பலர் சறுக்குவது ‘லாக்டோஸ் இல்லாத’ பசும்பாலில்: அதில் லாக்டோஸை உடைத்திருப்பார்களே தவிர, கேலக்டோஸ் அப்படியே இருக்கும். தயிர், மோரும் கூடாது. மாத்திரையில்கூட லாக்டோஸ் கலப்பதுண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோர் இருவரும் இந்நோய்க்கான குறையுள்ள மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு.