சோகம் என்று செயலி சொன்ன பாட்டு: ஓர் ஓபரா பதிவின் சுருதி, டெம்போ, மனநிலையை நாமே கண்டுபிடிப்பது

கீபோர்டு சொல்லித்தருகிறேன். போன மாதம் என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். ‘ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா’ என்ற இத்தாலிய ஓபரா (பாடியே நடிக்கும் நாடகம்) பாட்டுக்கு ஒரு செயலி விவரம் காட்டியிருந்தது: கீ, அதாவது சுருதி, டி ஃபிளாட் மேஜர், மனநிலை சோகம், பக்கத்தில் டெம்போ எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு. “சார், மேஜர்னா சந்தோஷம்னு சொன்னீங்களே?” என்றாள். நல்ல கேள்வி. அன்று அவளோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டின் கதை முதலில் தெரிய வேண்டும். தொனிசெத்தி இசையமைத்த ‘லெலிசீர் தமோரே’, அதாவது ‘காதல் மருந்து’, 1832 மே 12 அன்று மிலானில் அரங்கேறிய நகைச்சுவை ஓபரா. நெமொரீனோ ஏழைக் குடியானவன். அவன் காதலிக்கும் அதீனா வசதியான பண்ணைக்காரி. நாடோடி வைத்தியன் ஒருவன் வெறும் ஒயினைக் காதல் மருந்து என்று சொல்லி அவன் தலையில் கட்டுகிறான். இன்னொரு புட்டி வாங்கக் காசு இல்லாமல் நெமொரீனோ பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறான். அதை அறிந்த அதீனாவின் கண்ணில், யாரும் பார்க்காதபடி ஒரு சொட்டு நீர் துளிர்க்கிறது. அதை அவன் பார்த்துவிடுகிறான். அவன் பாடும் இந்தப் பாட்டு அந்தச் சொட்டைப் பற்றியது.

சுருதியைப் பாட்டின் முடிவிலிருந்து தேடுங்கள். பாதியில் கேட்டால் ஏமாந்துபோவோம். கடைசி ஒலியில் நிறுத்தி, அடியில் கேட்கும் கனத்த சுரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே கீபோர்டில் தேடினால் ஆறரைக் கட்டையில் போய் நிற்கும் (நம்மூரில் ஆதார சுருதியைக் கட்டை எண்ணால் சொல்வோம்). மேற்கத்தியப் பெயரில் பி ஃபிளாட். இப்போது பாட்டின் தொடக்கத்துக்கு வாருங்கள். அதே ஆறரையை ஆதாரமாக வைத்து காந்தாரத்தைக் கவனியுங்கள். மேஜருக்குரிய அந்தர காந்தாரம் அல்ல, அதைவிட அரைக் கட்டை கீழே உள்ள சாதாரண காந்தாரம் ஒலிக்கும், ஆகவே மைனர். தொனிசெத்தி எழுதியது பி ஃபிளாட் மைனர்தான்.

அப்படியானால் செயலி ஏன் டி ஃபிளாட் மேஜர் என்றது? கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது உடனே புரியும். மைனருக்கு இணையான நடபைரவி ராகத்தின் காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்தால் மேஜருக்கு இணையான சங்கராபரணம் வரும், இல்லையா? அதே கிரக பேதம்தான். ஆறரைக் கட்டை மைனருக்கும் ஒன்றரைக் கட்டை (டி ஃபிளாட்) மேஜருக்கும் சுரங்கள் ஒன்றே, ஆதாரம் மட்டும் வேறு. போதாததற்கு, முதல் சரணத்தின் முடிவில் பாட்டு நிஜமாகவே ஒன்றரை மேஜருக்குப் போய்விடுகிறது. செயலி அதைப் பிடித்துக்கொண்டது.

பழைய இசைத்தட்டுப் பதிவாக இருந்தால் இன்னொரு சோதனை கட்டாயம் வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். நான்கு நிமிடப் பாட்டில் 12 விநாடி காணாமல் போகும். எனக்கு ஒரு முறை இப்படி ஒரு பதிவு கிடைத்தது. ஏழு கட்டையில் ஒலித்தது. பாடகர் சுருதியை மாற்றிப் பாடியிருப்பார் என்று நினைத்தேன், அதுவும் வழக்கம்தான். ஆனால் நீட்டிய சுரங்களில் குரல் ஆடு கத்துவதுபோல் படபடத்தது. கணினியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் குறைத்து ஆறரைக்குக் கொண்டுவந்ததும் மார்பிலிருந்து வரும் குரல் கிடைத்தது. அத்தனை நாள் வேறு மனிதரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் பதற வேண்டாம். ஐரோப்பிய இசைக்குழுக்கள் சில, ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 442, 443 என்று சுருதி வைப்பதுண்டு.

டெம்போவைப் பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். தொடக்கத்தில் பசூன் என்ற கனத்த குரல் ஊதுகருவி தனியாக அந்த மெட்டை ஊதும், அடியில் யாழ் போன்ற ஹார்ப் ஓடிக்கொண்டிருக்கும். தாளம் ஆறு எட்டு: ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு. 20 விநாடிக்கு எண்ணி மூன்றால் பெருக்கினால் போதும். ஆறையும் எண்ணி 84 வந்தது என்று வையுங்கள். ஒன்றிலும் நான்கிலும் மட்டும் தட்டினால் அதே பாட்டு 28 ஆகிவிடும். செயலி எதை எண்ணியது என்று தெரியாமல் அதன் எண்ணை நம்ப வேண்டாம். தொனிசெத்தி எழுதிய சொல் ‘லார்கெத்தோ’: நிதானம், ஆனால் தேங்கி நிற்பதல்ல. பாட ஆரம்பித்ததும் குரல் இழுக்கும், நீட்டும், கடைசியில் இசைக்குழு நின்றுவிட்டுப் பாடகர் தனியாகச் சுரங்களை உருட்டுவார். அங்கே எண்ணவே கூடாது.

அப்புறம் மனநிலை. இதற்கு ஒரே ஒரு இடத்தைக் கேட்டால் போதும். முதல் சரண முடிவில் “மாமா, சீ, மாமா” என்று காதில் விழும். நம் மாமா இல்லை. ‘என்னைக் காதலிக்கிறாள், ஆமாம், காதலிக்கிறாள்’ என்று பொருள். அதுவரை மைனரில் தயங்கித் தயங்கி வந்த மெட்டு அந்த இடத்தில்தான் மேஜருக்குத் திறக்கிறது. இரண்டாம் சரணத்தில் “சியேலோ” என்று வானத்தை அழைக்கும்போது இன்னும் பெரிய திறப்பு: பாட்டு தொடங்கிய அதே ஆறரைக் கட்டை, ஆனால் இப்போது மேஜர். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. அரைக் கட்டை வித்தியாசம்தான், எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அழுகிறவன் பாட்டு இல்லை இது. கிடைத்துவிட்டது என்பதை நம்பமுடியாமல் நிற்பவன் பாட்டு.

இதைக் கேட்ட பிறகு இத்தாலியப் பாடகர் கரூசோ 1904-இல் பியானோவை மட்டும் துணையாக வைத்துப் பாடிய பதிவைப் போட்டேன். பசூன் இல்லை, ஹார்ப் இல்லை, இரைச்சல் வேறு. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “மாமா” வந்ததும் விரலைத் தூக்கிக் காட்டினாள். நோட்டில் அவளே எழுதினாள்: ‘ஆறரை மைனர், மாமாவில் ஒன்றரை மேஜர், சியேலோவில் ஆறரை மேஜர். மெதுவா. சோகம் இல்லை.’