இரு நாட்டுக் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஆற்றல் சேமிப்பைக் கூட்டாகக் கற்பிக்கும் முறை

கட்டடங்களில் ஆற்றலைச் சேமிக்கும் கலையை வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுடன் இணைந்து கற்பிக்க விரும்பும் ஆசிரியர், தம்முடையதிலிருந்து முற்றிலும் மாறுபட்ட தட்பவெப்பம் நிலவும் இடத்தில் கூட்டாளியைத் தேடுவது நல்லது. ஒரே வகைத் தட்பவெப்பம் கொண்ட இருவர் சேர்ந்தால் வேலை சுமுகமாக நடக்கும். ஆனால் வழக்கமாகச் செய்துவரும் ஒன்றை ஏன் செய்கிறோம் என்ற கேள்வி அங்கே எழாது.

சிறிய வகுப்பறைக் கட்டடம் ஒன்றின் வரைபடத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் கொடுத்து, அதை ஸ்டாக்ஹோமிலும் சிங்கப்பூரிலும் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். டிசம்பர் பிற்பகுதியில் ஸ்டாக்ஹோமின் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 7 பாகைதான் எழுகிறது. தெற்குச் சன்னல் வழியே வரும் வெயில் அறையின் உட்கோடியைத் தொடும். சிங்கப்பூரிலோ ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் 65 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால், வெயிலின் சுமை பெரும்பாலும் கூரையின் மீதும், காலை மாலைகளில் கிழக்கு, மேற்குச் சுவர்களின் மீதும் விழுகிறது. சன்னலை எங்கே வைப்பது, எதற்கு நிழல் தருவது என்பதை மாணவர்கள் தாமே மாற்றி வரையட்டும்.

இதைவிடக் கூர்மையான பாடம் சுவருக்குள் இருக்கிறது. குளிர் நாட்டில் ஈரம் அறையிலிருந்து வெளியே நகர்வதால், நீராவி சுவருக்குள் புகாமல் தடுக்கும் படலத்தைச் சுவரின் உட்பக்கத்தில், அதாவது வெதுவெதுப்பான பக்கத்தில் பொருத்துவார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் ஏசி இயங்கும் அறையில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே நகர்கிறது. அங்கும் படலத்தை உட்பக்கத்திலேயே பொருத்தினால் அதன் பின்னால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். இருவரின் சுவர் வெட்டுப்படங்களையும் அருகருகே வைத்தாலே விவாதம் தானாகத் தொடங்கிவிடும்.

கட்டடம் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட, இலவசமாகக் கிடைக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் போதும். அதில் ஊரின் வானிலைத் தரவு அடங்கிய கோப்பை மாற்றினால் அதே கட்டடம் மற்றோர் ஊருக்குச் சென்றுவிடும். ஆனால் அலகுகளையும் பரப்பளவின் வரையறையையும் முன்னதாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் மணி என்று இருவரும் எழுதினாலும், ஒருவர் சுவர்த் தடிமனைச் சேர்த்தும் மற்றவர் விட்டும் கணக்கிட்டிருந்தால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. சலிப்பூட்டும் வேலைதான், இருந்தாலும் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பயணத்துக்கு ஒருமுறை மட்டுமே பணம் இருந்தால், அதைத் தொடக்க விழாவுக்குச் செலவிடாமல் பாடத்தின் நடுப்பகுதிக்கு ஒதுக்கவும். அதற்குள் மாணவர்களிடம் கணினி தந்த எண்கள் இருக்கும்; நேரில் சென்று வெப்பநிலைப் பதிவுக்கருவியை வைத்து, மின்கட்டண ரசீதுகளையும் வாங்கிப் பார்க்கும்போது, அந்த எண்கள் எங்கே பிசகின என்பது தெரியும். பெரும்பாலும் அறை பயன்படும் நேரம், திறந்து கிடக்கும் சன்னல், குளிர்சாதனத்தில் வைத்த வெப்பநிலை ஆகியவற்றில்தான் வேறுபாடு ஒளிந்திருக்கும். மதிப்பெண்ணை, கணித்த எண் எவ்வளவு நெருங்கியது என்பதற்கு அல்லாமல், அந்த வேறுபாட்டை மாணவர் எவ்வளவு தெளிவாக விளக்கினார் என்பதற்கே வழங்க வேண்டும்.