நள்ளிரவு என்றால் எந்த ஊர் நள்ளிரவு?

கிளிநொச்சியில் எங்களோடு மென்பொருள் வேலை பழகும் பிள்ளைகள், கணினி தானாக ஓட்டும் வேலைக்கு (ஜொப்) நேரம் வைப்பதில் இந்த மாதமும் அதே பிழையை விட்டார்கள். நானும் ஒரு காலத்தில் விட்ட பிழைதான். ஜொப் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் கிரான் வரியில் நிமிடத்தையும் மணியையும் மாற்றி எழுதுவதைப் பற்றி இங்கே பேசவில்லை, அது முதல் நாளே பிடிபட்டுவிடும். மாதக்கணக்கில் பிடிபடாமல் ஓடுபவையே ஆபத்தானவை.

ஜொப்பின் நேரத்தை மட்டும் திருத்துவது

ஓர் அரிசி மில்லுக்கு நெல் எடை நிறுக்கும் கணக்கு மென்பொருள் கொடுத்திருந்தோம். எத்தனை பதிவு போடுகிறார்களோ அதற்கேற்ப மாதக் கட்டணம். சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அது தெரிந்துதான் ஒவ்வொரு நாளின் பதிவுகளையும் கூட்டும் ஜொப்பை நம் நேரம் இரவு 12.05க்கு வைத்தேன். சரியாக 12.05க்கே ஓடியது. அதோடு விட்டுவிட்டேன்.

காலபோக அறுவடையில் மில்லுக்கு இரவு முழுக்க நெல் வந்தது. மார்ச் முதலாம் திகதி அதிகாலை 2.10க்குப் போட்ட பதிவு, யூடிசியில் பெப்ரவரி 28, 20:40. கோடுக்குள் 'நேற்று' என்று கேட்ட வரி சேர்வரின் நாட்காட்டியைத்தான் பார்த்தது. ஆக எங்கள் கணக்கில் ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரைக்கே விடிந்தது. அந்த இரவுப் பதிவுகள் பெப்ரவரிக்குள் போய், அந்த மாதத்துக்கான பதிவு வரம்பைத் தாண்டி, மேலதிகக் கட்டணமும் விழுந்தது. "தம்பி, ஒண்டாம் திகதி இறக்கின நெல்லுக்கு ஏன் போன மாசக் காசு?" என்று முதலாளி பில்லை மேசையில் விரித்தார். மூன்று மாத பில்களைக் கையால் திருத்தினோம். இன்றும் யாராவது "ஜொப் சரியான நேரத்துக்கு ஓடுதே" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பதிவு நேரத்தை யூடிசியிலேயே சேமியுங்கள், அதில் குறையில்லை. ஆனால் நாளின் எல்லையை நம் நேரத்தில் எடுத்து, பிறகு யூடிசிக்கு மாற்றுங்கள். நம் மார்ச் 1 என்பது யூடிசியில் பெப்ரவரி 28, 18:30 தொடங்கி மார்ச் 1, 18:30 வரை. தொடக்க நேரம் அந்த நாளுக்கு உள்ளே, முடிவு நேரம் வெளியே. எந்தத் திகதிக்குக் கணக்கு என்பதை ஜொப்புக்கு வெளியிலிருந்து கொடுங்கள். அப்போதுதான் இடையில் விழுந்து மறுநாள் மத்தியானம் திரும்ப ஓட்டினாலும் அதே விடை வரும். அப்புறம், அதிகாலை 5.20க்கும் 5.40க்கும் ஒவ்வொரு பதிவு போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் விழ வேண்டும்.

கையால் ஐந்தரையைக் கழிப்பது

நம் நள்ளிரவிலிருந்து ஐந்தரையைக் கழித்து 18:30 என்று எழுதிவிட்டு, நேர வலயத்தையும் ஏசியா/கொழும்பு (கணினியில் இலங்கை நேரத்தின் பெயர்) என்று கொடுத்தால் மாலை ஆறரைக்கு ஓடும். மாதத் தொடக்க ஜொப் இன்னும் சிக்கல்: நம் முதலாம் திகதி நள்ளிரவு, யூடிசியில் போன மாதக் கடைசி நாள். சாதாரண கிரானில் 'கடைசி நாள்' என்று சொல்ல வழியில்லை. ஜொப்புகளை ஓட்டும் குபர்நெட்டீஸிலும் அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரிலும் வலயம் கொடுக்க இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஐஎஸ்டி

வலயத்தின் பெயராக இந்தச் சுருக்கத்தை எழுதாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே எழுத்துகள்.

லண்டன் வாடிக்கையாளர்

அதிகாலை 1.30க்கு எதையும் வைக்காதீர்கள். அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதால், மார்ச் கடைசி ஞாயிறு அந்த நேரம் வராது, ஒக்டோபர் கடைசி ஞாயிறு இரண்டு முறை வரும்.

+5:30 என்று நிரந்தரமாக எழுதுவது

1996 மே மாதம் இலங்கை ஒரு மணி முன்னே போனது, ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஏசியா/கொழும்பு என்ற பெயருக்குள் இதெல்லாம் இருக்கிறது. இல்லாதது நம் கதை: புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி உள்ளே வந்தால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டும். அந்தக் காலத்துக் குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றுபவர்கள், அதில் எழுதியிருப்பது எந்தப் பக்கத்து நேரம் என்று எழுதியவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.