கடற்கரையில் உட்கார்ந்து படம் தீட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

1885 நவம்பரில் பிரான்சின் எத்ரத்தா கடற்கரையில், ஒரு பெரிய பாறை வளைவின் அடியில் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே படம் தீட்டிக்கொண்டிருந்தார். கடல் இறங்கும் நேரம் என்ற நினைப்பில் பக்கத்தில் விழும் அலைகளைக் கண்டுகொள்ளவில்லை. பெரிய அலை ஒன்று அவரைப் பாறையில் மோதி உருட்டிவிட்டது. தாடியெல்லாம் நீலமும் மஞ்சளுமாக எழுந்து வந்தார். படமும் அதைத் தாங்கிய சட்டமும் போய்விட்டன.

நம் கரையில் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் ஈர மணலில் கடை விரிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். சிப்பியும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே உட்காருங்கள்.

ஸ்பாட் பெயிண்டிங்கில், அதாவது இடத்துக்கே போய்ப் பார்த்துத் தீட்டுவதில், படத்தை அதிகம் கெடுப்பது வெளிச்சத்தைத் துரத்துவதுதான். கோவளத்தில் ஒரு காலை, கரையேற்றிய ஃபைபர் படகு ஒன்றை வாட்டர்கலரில் வரைந்தேன். ஏழு மணிக்கு அதன் நிழல் மணலில் நீளமாக என் பக்கம் விழுந்திருந்தது. எட்டரைக்குப் பார்த்தால் பாதியாகச் சுருங்கி, இடமும் மாறியிருந்தது. நான் புது நிழலையும் சேர்த்துத் தீட்டினேன். ஒரே படகுக்கு இரண்டு சூரியன்! முதல் பத்து நிமிடத்தில் நிழல்களைப் பென்சிலால் எல்லை கட்டி, இருட்டை ஒரு தரம் பூசிவிடுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் அதைத் தொடாதீர்கள். மோனே பல கேன்வாஸ்களை எடுத்துப்போய், வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றினார். நமக்கு ஒரு தாளை நான்காக மடித்துக்கொண்டாலே போதும்.

கிழக்குக் கரையில் இன்னொரு சங்கதி. காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், படகுகள் வெறும் கறுப்பு உருவங்களாகத் தெரியும். அந்தக் கறுப்புதான் வேண்டும் என்றால் சரி. படகின் வண்ணங்கள் வேண்டுமென்றால் மாலையில் போங்கள், வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும்.

தாளில் நேர் வெயில் விழக் கூடாது. கண் கூசுவதால் எல்லா வண்ணத்தையும் தேவைக்கு மேல் அடர்த்தியாக வைத்துவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். நம் வழக்கமான கறுப்புக் குடையே நல்லது. சிவப்போ பச்சையோ பிடித்தால் அதன் சாயல் தாளில் இறங்கும்.

படகுக்காரரிடம் பேசாமல் வரையத் தொடங்காதீர்கள். "அண்ணே, இதை எப்ப தண்ணியில தள்ளுவீங்க?" என்று கேட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவர் படகை வரைய அவரைக் கேட்பதுதான் மரியாதையும். படகை முதலில் முடியுங்கள். கடலும் வானமும் ஓடிவிடாது.

கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்தால் மணலும் பறக்கும். எண்ணெய் வண்ணத்தில் மணல் ஒட்டினால் உடனே துடைக்காதீர்கள். துடைத்தால் இழுவி, கீழே உள்ள வண்ணமும் கலங்கும். காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் தட்டினால் பெரும்பாலும் உதிரும். சில மணிகள் உதிராமலும் இருக்கும். 1870இல் பிரான்சின் த்ரூவில் என்ற ஊரின் கடற்கரையில் மோனே தீட்டிய படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அந்தக் கரையின் மணல் இன்னும் அதன் வண்ணத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது.