தும்மல் நின்றது ஸ்ப்ரே பிடித்த கோணத்தில்

தண்டையார்பேட்டையில் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து போகிப் புகை அடங்கும்வரை விடிகாலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. காய்ச்சல் கிடையாது; எனக்கு இருந்தது மூக்கு அலர்ஜி.

லாரிப் புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் இன்னும் மோசம். அறையில் ஈரம் தங்கினால் படுக்கைத் தூசிப்பூச்சி பெருகும். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை தும்மலைக் குறைத்தது, மூக்கடைப்பு அப்படியே. ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும்; ஆனால் தொடர்ந்து போட்டால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும். 3 நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

டாக்டர் எழுதிய ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேகூட முதலில் தொண்டைக்குத்தான் போனது. சூட்சுமம் கோணத்தில் இருக்கிறது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்தில், இடது கையால் வலதில் அடிக்க வேண்டும். நுனி அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கட்டும். இரு துவாரத்துக்கும் நடுவிலுள்ள தண்டில் மருந்து பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது. தினமும் போட்டால்தான் பலன். முழுதாகத் தெரிய ஓரிரு வாரம் ஆகும்.

ஸ்ப்ரே அடிக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது: கொதித்து ஆறிய தண்ணீர் 240 மி.லி., அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

இலவம்பஞ்சுத் தலையணையை மொட்டைமாடி வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பூச்சி செத்தாலும் அதன் எச்சம் உள்ளேயே இருக்கும், அலர்ஜி அதனால்தான். உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கணும். மூச்சில் இழுப்பு (வீசிங்) வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.