விடைத்தாளை மடித்து வைக்கும் முன்

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டிவிடும் மாணவர்கள், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் பாடம் புரியாததால் போனதா, கவனக்குறைவால் போனதா, நேரம் போதாமல் போனதா என்று விடைத்தாளின் ஓரத்திலேயே முதலில் குறித்துப் பார்க்க வேண்டும். பிறகு, புரியாத பகுதியிலிருந்து மிக எளிய கணக்கு ஒன்றை எடுத்து, விடையைப் பார்க்காமல் செய்து முடித்து, தேதியுடன் தனி நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் சற்றே கடினமான ஒன்றைச் செய்யுங்கள். தன்னால் இயலும் என்ற நம்பிக்கைக்கு, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளைவிடத் தானே செய்து முடித்த அனுபவமே வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். மனம் தளரும் நாளில், அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அன்று திணறிய கணக்கை மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.