கேள்வித்தாளோடு ஊருக்குள் போகும் முன்: வியாபாரக் கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு பேர் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நிற்க வைப்பது கள ஆய்வு ஆகாது. மக்களோடு பழகி, அவர்கள் வாழும் விதத்தைக் கவனித்து அறியும் மானிடவியலிடமிருந்து ஒரு கடைக்காரர் பெறக்கூடியது வேறு. மக்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை அது காட்டும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் புதுக் கிளை திறக்கவோ புதுச் சரக்கு இறக்கவோ நினைப்பவர்கள் இதைத் தவறவிடும் இடங்கள் சில உண்டு.

முடிவு எதுவென்று எழுதாமல் கிளம்புவது

"வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினால், படங்கள் நிறைந்த தடித்த அறிக்கை ஒன்று கிடைக்கும். கடையில் எதுவும் மாறாது. எந்த முடிவை எடுக்கப் போகிறோம், யார் எடுப்பார், எந்தத் தேதிக்குள், என்ன தெரிந்தால் எந்தப் பக்கம் சாய்வோம் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். "உசிலம்பட்டியில் பாத்திரக்கடை திறப்பதா, விளக்குத்தூண் பக்கம் இருக்கும் கடையைப் பெரிதாக்குவதா, ஆவணி முகூர்த்தத்துக்கு முன் முடிவு" என்று ஒரு வரி போதும். யாரைப் பார்ப்பது, எந்த மாதம் போவது என்பதெல்லாம் அதிலிருந்தே தெளிவாகும்.

வாங்குபவரே பயன்படுத்துபவர் என்று நினைப்பது

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பாத்திரக்கடையில் பெரிய அண்டா வாங்கும் ஒருவரிடம் "சமைக்க வசதியா இருக்குமா, எத்தனை பேருக்குக் காணும்?" என்று கேட்டால் ஏதோ பதில் சொல்வார். ஆனால் அந்த அண்டா அவர் வீட்டுக்குப் போகாது. தங்கச்சி மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராகப் போகும். பணம் கொடுப்பவர் மாமன், வைத்துக்கொள்பவர் தங்கச்சி, எடைபோட்டுப் பார்ப்பது சீர்வரிசை வரும்போது கூடி நிற்கும் சனம். பெரும்பாலும் அது பரணில்தான் இருக்கும். அப்படியானால் கடை கவனிக்க வேண்டியவை வேறு: தட்டில் வைத்தால் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரிகிறதா, கொடுத்தவர் பெயரை வெட்டித்தர எவ்வளவு நேரம் ஆகிறது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெயர் வெட்டும் இடத்தில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள். பெயர் வெட்ட இன்னொரு ஆளைப் போடுவது, விலையைக் குறைப்பதைவிட விற்பனையைக் கூட்டலாம். எந்தக் கேள்வித்தாளும் இதைச் சொல்லாது. அங்கே நின்று பார்த்தால் தெரியும்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் 1940களின் இறுதியில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். மண உறவும், தாய்மாமன் வழியாகத் தலைமுறைகளுக்கு ஓடும் கொடுக்கல் வாங்கலும் 1957இல் வெளிவந்த அவருடைய எழுத்தில் முக்கியமான இடம் பெற்றன. அந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு இன்றும் வீட்டுக்கு வீடு மொய் நோட்டில் இருக்கிறது. பெயர், ஊர், தொகை. வந்த மொய்யை அதே அளவிலோ கூட்டியோ திருப்பிச் செய்தாக வேண்டும். கணினியில் பதிந்து ரசீது கொடுக்கும் மொய் வந்த பிறகும் இந்த முறை மாறவில்லை. ஒரு வீட்டின் மாத வருமானத்தைக் கேட்டு "இவர்களால் இவ்வளவுதான் செலவழிக்க முடியும்" என்று கணக்குப் போடுபவர்கள் இந்த நோட்டை மறந்துவிடுகிறார்கள். வருமானம் குறைந்த வீடும் செய்முறை, அதாவது சொந்தத்தின் விசேஷத்துக்குச் செய்ய வேண்டிய சீர், மொய் என்று வந்தால் நகையை அடகு வைத்தாவது செய்யும். நல்ல வருமானம் உள்ள வீடும் மூன்று விசேஷம் அடுத்தடுத்து வந்த ஆண்டில் ஃப்ரிட்ஜ் வாங்காது.

"வாங்குவீர்களா?" என்று கேட்பது

வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே "வேணாம்" என்று சொல்ல இங்கே யாருக்கும் மனம் வராது. "நல்லாத்தான் இருக்கு, வாங்கலாம்" என்பது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. வரப்போவதைக் கேட்காமல் நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "அக்கா, கடைசியா உங்க வீட்டுல நடந்த விசேஷம் எது? நீங்க செய்ய வேண்டிய முறை என்ன? பணம் எங்க புரட்டுனீங்க? கடைக்குக் கூட யாரு வந்தா? எந்தக் கடையில பாத்துட்டு வாங்காம வந்தீங்க?" கடைசிக் கேள்விதான் கடைக்காரருக்கு அதிகம் பயன்படும். பில், அடகுச் சீட்டு, குழுக் கடன் அட்டை என்று கண்ணால் பார்க்கக்கூடியதை, அவர்கள் சம்மதித்தால், பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், நகல் இயந்திரத்தோடு ஆட்கள் திணறுவதை வீடியோவில் பதிந்து ஆராய்ந்தார். இயந்திரத்தின் உதவிக் குறிப்பு எதிர்பார்த்த வரிசையில் மனிதர்கள் வேலை செய்யவில்லை என்பது பார்த்ததால்தான் புலப்பட்டது.

ஒரே வாசல் வழியாக நுழைவது

ஊராட்சித் தலைவரைப் பிடித்து உள்ளே போனால் அவர் தெருவும் அவர் சொந்தங்களும்தான் கண்ணில் படும். சாதிவாரியாகத் தெரு பிரிந்து கிடக்கும் ஊரில் இது சின்னப் பிழை அல்ல. பாதி ஊர் கணக்கில் வராமலே போய்விடும். குறைந்தது மூன்று வாசல் வேண்டும்: மகளிர் குழு, டீக்கடை, ரேஷன் கடை அல்லது சத்துணவு மையம். கூட்டாகப் பேசும்போது வீட்டுப் பெரியவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். மருமகளின் பதில் வேண்டுமென்றால், சமையல் முடிந்த முற்பகலில் ஒரு பெண் ஆய்வாளர் தனியாகப் போக வேண்டும்.

ஒரே மாதத்தை ஆண்டு முழுமைக்கும் விரிப்பது

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையோ ஆடித் தள்ளுபடி விற்பனையையோ மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பெரியாறு–வைகை பாசனத்தில் இரண்டு போகம் விளையும் வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமும், ஒரு போக மேலூரும், மழையை நம்பிய உசிலம்பட்டிக் காடுகளும் ஒரே சமயத்தில் கையில் காசு பார்ப்பதில்லை. மல்லிகை போடும் வீடுகளின் கணக்கு இன்னொரு மாதிரி. கோடையில் பூ நிறைய வரும், விலை இறங்கும். மார்கழி, தைப் பனியில் பூ குறையும், முகூர்த்தம் சேர்ந்தால் விலை எகிறும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வெவ்வேறு பருவத்தில் மூன்று முறை போக முடியாவிட்டால், கேள்விகளையாவது மாதம் மாதமாகப் பின்னோக்கிக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் "அது அவங்க பழக்கம்" என்பது

பண்பாட்டைக் காரணம் சொல்லும் முன் பஸ் நேரத்தைப் பாருங்கள். "கிராமத்துப் பெண்கள் சாயங்காலம் கடைக்கு வரமாட்டார்கள்" என்பதற்குக் கட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். கடைசி டவுன் பஸ் சீக்கிரம் கிளம்புவதும் காரணமாக இருக்கலாம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் எடுத்த ஆய்வை வைத்து இன்று முடிவெடுப்பது ஆபத்து. விலை, தூரம், நேரம், கடன் நான்கையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் பழக்கம் என்று எழுத வேண்டும்.

பன்னிரண்டு பேரைச் சதவீதமாக்குவது

12 வீடுகளில் 9 வீடு அடகு வைத்துச் சீர் செய்தது என்றால், அதை "75 சதவீதம்" என்று எழுதக் கூடாது. இப்படிப்பட்ட வழி ஒன்று இருக்கிறது, இன்ன காரணத்தால் இருக்கிறது என்பது வரைதான் அது சொல்லும். எத்தனை பேர் என்று தெரிய தனியாக எண்ணிக்கை ஆய்வு வேண்டும். குலுக்கல் முறையில் 100 பேரை எடுத்தால் பத்து சதவீதம் வரை மேலும் கீழும் பிசகலாம். 400 பேர் என்றால் அது ஐந்தாகும். ஒவ்வொரு வகை வீட்டிலும் 12 முதல் 15 வரை ஆழமாகப் பேசி, புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்தி, அதன்பின் எண்ணப் போவதே சரியான வரிசை.

குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள். பார்த்தது, அவர்கள் சொன்னது, நாம் நினைத்தது என மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

எந்தக் கடைக்காக வந்திருக்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள்; கல்லூரி மாணவர் என்று பொய் சொல்லி நுழைவது கூடவே கூடாது. மொய் நோட்டைப் படம் எடுக்க வேண்டாம். அதில் இருப்பது அவர்களுடைய தகவல் மட்டுமல்ல, நூறு பேருடைய பெயரும் தொகையும். ஒரு மணி நேரம் பேசினால் அரை நாள் கூலி போகும் வீடுகள் உண்டு. அதற்குரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முடிவை அச்சடிக்கும் முன், பேசியவர்களில் நான்கைந்து பேரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லப்பா, அது மூத்த மாமனுக்கு மட்டுந்தான்" என்பது போன்ற திருத்தம் அங்கேதான் வரும். அதையும் சேர்த்துக்கொண்டு, ஒரே கடையில் ஒரே ஒரு மாற்றத்தை, நடுவில் ஒரு முகூர்த்த நாளாவது வருகிற மாதிரி ஆறு வாரம் நடத்திப் பாருங்கள்.